இருநூற்றுப் பதின்மூன்று பேர் இறங்கிய மலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடங்கள் வட நோர்வேயில் வாழ்ந்தும் ஸ்கீயில் ஒருநாள்கூட நின்றறியாத ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். இங்கே நான்கு வயதுப் பிள்ளைகள் ஸ்கீ மாட்டிக்கொண்டு பாலர் பாடசாலைக்குப் போகிறார்கள். நான் குப்பை கொட்டப் போகும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன். எடை தொண்ணூற்று நான்கு கிலோ. மனைவி கேட்டால் எண்பத்தெட்டு. இப்படிப்பட்டவன்தான் காகமூக்கு மலையின் வடக்கு இடுக்கு வழியாகக் கீழே இறங்கினேன். அதுவும் பின்னால் ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு. தமிழ்ச் சங்க ஒன்றுகூடலில் இதைச் சொன்னபோது, றோல் தின்றுகொண்டிருந்தவர்கள் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு, "பகீ அண்ணைக்கு வேற வேலை இல்லை" என்று சொல்லி மறுபடியும் மெல்லத் தொடங்கினார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பகீரதன். வேலை, இரவல் கால் கழுவுவது.

அது என்ன வேலை என்று அன்றைக்கு மலையுச்சியில் ஒரு ஜெர்மன் பல் வைத்தியரும் கேட்டார். அவர்தான் அன்றைய வாடிக்கையாளர். ஹெலிகொப்டர் எங்களை உச்சியில் இறக்கிவிட்டிருந்தது. அவர், நான், வழிகாட்டி சாம்பவி.

"இந்தப் பெண்ணின் ஸ்கீ திறமையின் நகல் எனக்கு வரும். சரிதானே?" என்றார் வைத்தியர்.

"நகல் இல்லை, டொக்டர். நகல் எடுத்துப் பார்த்தார்கள். கேக்கின் படத்தைத் தின்ற மாதிரி, பசி அடங்கவில்லை. இவருடைய காலுக்குத் தெரிந்ததை அப்படியே எடுத்து உங்கள் காலுக்குத் தருவோம். அது உங்களிடம் இருக்கும்வரை இவரிடம் இருக்காது."

"எவ்வளவு நேரம்?"

"தொண்ணூறு நிமிடம். அதற்குள் இருவரும் சமதரையில் அசையாமல் படுத்து, தலையில் பட்டியைக் கட்டித் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். தாண்டினால் உங்கள் உடம்பில் வேர் பிடித்துவிடும். அப்புறம் யாராலும் பிடுங்க முடியாது."

"நீங்கள் கழுவுவது எதை?"

"உங்களை. திருப்பித் தரும்போது உங்கள் பழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். பயத்தில் பின்பக்கம் சாய்வது, நோகும் முழங்காலுக்கு இடம் விடுவது. இவருடைய பழைய பதிவோடு ஒப்பிட்டு அதையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டுத்தான் இவரிடம் கொடுப்பேன்."

வைத்தியர் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். இரண்டு கரும்பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓர் இடுக்கு. அகலம் ஒன்றரை ஸ்கீ நீளம்தான். ஏணி சாய்த்து வைத்த மாதிரிச் சரிவு. பனிக்குள்ளிருந்து ஆங்காங்கே பாறைப் பற்கள். ஆயிரம் மீட்டர் கீழே கடல்நீர் ஊசி மாதிரி மின்னியது. பல்லைப் பற்றித் தெரிந்தவர் அல்லவா, உடனே புரிந்துகொண்டார்.

"எனக்கு இரண்டு பிள்ளைகள்" என்றார். கம்பனியின் ஸ்கீயையும் சப்பாத்தையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு ஹெலிகொப்டரில் ஏறிக்கொண்டார். எனக்கும் இடமிருந்தது. ஆனால் நான் என் கருவிப் பெட்டியை மூடி வயர்களைச் சுற்றி முடிக்கும்வரை அவருக்குப் பொறுமையில்லை. அரை மணியில் வருகிறேன் என்று விமானியும் பறந்துவிட்டான்.

சாம்பவி மட்டும் சிரித்தாள். முப்பத்துநான்கு வயது, இங்கேயே பிறந்தவள், அப்பா மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்கள் சனத்தில் அவளைப்போல ஸ்கீ ஓடியவர்கள் யாருமில்லை. அதனாலேயே கம்பனி அவளுடைய காலை ஏழு வருட ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது.

"இண்டைக்கு என்ன கிழமை, அண்ணை?"

"சனி."

"சனிக்கிழமையில என்ர கால் என்னட்ட இருந்து நாலு வருசம்." குனிந்து தன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள், மாட்டைத் தட்டுவது போல. "மினு முதன்முதல் ஸ்கீ ஓடினது ஆருக்குப் பின்னால எண்டு தெரியுமோ? அடிவாரத்துச் சரிவில ஒரு டென்மார்க்காரனுக்குப் பின்னால. அவன் என்ர காலைப் போட்டுக்கொண்டு போறான். இவள் பின்னால போய்க்கொண்டு, 'அம்மா மாதிரியே வளைக்கிறார், அம்மா மாதிரியே வளைக்கிறார்' எண்டு கத்துறாள். நான் கரையில நிண்டு கை தட்டினன். நிக்கிறதுக்கே அங்க இருக்கப் போட்டிருந்த வாங்கைப் பிடிக்க வேண்டிக்கிடந்தது."

மினு அவளுடைய ஏழு வயது மகள். இப்படியான நேரங்களில் நான் ஒரு பகிடி விட்டுச் சிரிக்க வைப்பேன். அன்றைக்கு அது வரவில்லை.

"இன்னும் மூண்டு வருசம்தான் அண்ணை. பிறகு முழுக்க என்ர. அதுவரைக்கும் பழுதாக்காமல் கழுவித் தாங்கோ. காணும்."

ஹெலிகொப்டர் வந்ததும் என்னை ஏற்றிவிட்டு, அவள் தன் காலிலேயே இறங்குவதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு அடிவாரத்தில் மினு காத்திருப்பாள். ஆனால் ஹெலிகொப்டருக்குப் பதிலாக வானொலிக் கருவியில் விமானியின் குரல்தான் வந்தது. கீழே காற்று எழும்பிவிட்டது. நாளை காலைதான் வரமுடியும்.

"பயப்பிடாதேங்கோ. பனியில ஒரு குகை வெட்டுவம்" என்று சாம்பவி பனி வாரும் சவளை எடுத்துக்கொண்டு பாறையோரம் போனாள். வெட்டினாள். பாறையின் மேலேயிருந்து சோற்றுப்பானை அளவு கல்லொன்று அசைந்து, யோசித்து, விழுந்தது. முருங்கைக்காய் முறிவது போல ஒரு சத்தம்.

இடது கால், முழங்காலுக்குக் கீழே.

காலைப் பலகை வைத்துக் கட்டினேன். அவள் சொல்லச் சொல்ல நான் கட்டினேன் என்பதே சரி. மீட்புக் குழு நடந்தேறி வர விடிந்துவிடும், இரவு குளிர் மைனஸ் இருபத்திரண்டுக்குப் போகுமென்று இருவருக்கும் தெரியும். முறிந்த காலோடு, இந்த வெளிறிய முகத்தோடு, அவள் காலைவரை தாங்கமாட்டாள் என்பதும் தெரியும். யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி.

"உம்மட காலை எனக்குத் தாரும்" என்றேன்.

வலியோடும் சிரித்துவிட்டாள். "உங்களுக்கோ? அண்ணை, எஸ்கலேட்டரில என்ர கையைப் பிடிச்ச ஆள் நீங்கள்."

"அது இறங்கேக்க."

"இதுவும் இறங்கிறதுதான்!"

"பிள்ளை, வேற வழி இருந்தால் சொல்லும்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "பாதியில மாட்டுப்பட்டால்? தொண்ணூறு நிமிசம் தாண்டினால்? எலும்பு பொருந்தும், அண்ணை. இது போனால் வராது. மூண்டு வருசம்தான் கிடந்தது. நான் மினுவோட ஒருநாளாவது..."

"இங்க கிடந்து விறைச்சால் மட்டும் மினுவோட ஓடுவீரோ?"

என்னை முறைத்தாள். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டினாள்.

இரவல் கால் ஏறும்போது எப்படி இருக்குமென்று இருநூற்றுச் சொச்சம் பேரிடம் கேட்டுப் படிவம் நிரப்பியிருக்கிறேன். எல்லோரும் "நன்று" என்ற கட்டத்தில் அடையாளம் இடுவார்கள். பொய். பத்து நிமிடம் கழித்து எழுந்து, மணிக்கூட்டை அழுத்திவிட்டு அந்த இடுக்கைப் பார்த்தேன். ஒரு தெரிந்த தெருவைப் பார்ப்பது போல இருந்தது. எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பனி கடினம், எது பொய், எல்லாம் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை, என் முழங்காலுக்குத் தெரிந்தது.

வைத்தியரின் சப்பாத்தை இரண்டு சோடி காலுறையோடு மாட்டினேன். பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டேன். சாம்பவியின் பையில் மடித்து வைக்கும் மீட்பு வண்டி இருந்தது. அவளை அதில் படுக்க வைத்துக் கட்டி, வண்டியின் இரண்டு கம்பிகளையும் என் இடுப்பில் பூட்டினேன். சறுக்கினால் பனியில் குத்தி நிறுத்த ஒரு பனிக்கோடரியை அவள் கையில் பிடித்துக்கொண்டாள். மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

முதல் வளைவு அழகாகத் தொடங்கியது. கால்கள் இரண்டும் பூனை மாதிரிப் பாய்ந்தன. ஐம்பத்தெட்டுக் கிலோவைத் தூக்கிக்கொண்டு பாயத் தெரிந்த கால்கள் அவை. என் வயிறு அவற்றின் கணக்கிலேயே இல்லை. பாய்ந்த கால் ஓரிடம், வயிறு ஓரிடம், பின்னால் வந்த வண்டி இன்னோரிடம். முப்பது மீட்டர் சறுக்கிக்கொண்டு போய், ஸ்கீயின் நுனி ஒரு பாறையில் செருகி நின்றோம்.

"ஐயோ! அண்ணை, இது என்ன இவ்வளவு செங்குத்து!" பின்னாலிருந்து அலறினாள்.

"நீர் நூறு தரம் இறங்கின இடம், பிள்ளை!"

"அப்ப தெரியேல்லை! அப்ப நடந்து போற வீட்டு ஒழுங்கை மாதிரிக் கிடந்தது!"

அப்போதுதான் உறைத்தது. நான் எடுத்துக்கொண்டது காலை மட்டுமல்ல. அது இருந்த இடத்தில் இப்போது வெறும் பயம் இருந்தது. நான்கு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோவொரு வாங்கைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது இதோடுதான்.

அடுத்த பத்து வளைவுகளில் ஒன்பதில் விழுந்தேன். தொடைகள் நெருப்பாக எரிந்தன. ஒரு பாறைக்குப் பின்னால், ஆள் குந்தியிருக்கக்கூடிய அளவு தட்டையான இடத்தில் ஒதுங்கினோம். நாற்பத்தொரு நிமிடம் போய்விட்டது. இடுக்கில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியிருந்தோம். ஒடுங்கிய பகுதி இனித்தான். அதன் நடுவே நான்கு மீட்டர் உயரப் பாறைப்படி வேறு. சாம்பவி எப்போதும் அதைப் பாய்ந்து கடப்பாள். வண்டியோடு பாய முடியாது.

"உமக்கு ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது" என்றேன்.

"இப்பவோ?"

"எங்கட வீட்டு ஃபிறிட்ஜைத் திறந்து பார்த்தனீரோ? ஐஸ்கிறீம் டப்பா பதினெட்டு இருக்கும். ஒண்டிலயும் ஐஸ்கிறீம் இருக்காது."

"எங்கட வீட்டிலயும்தான். அண்ணை, உங்களுக்குத் தலையில அடிபட்டதோ?"

"ஒரு சாமானை எறிய எனக்கு மனம் வராது. உம்மட காலில இருந்து கழுவி எடுக்கிறதை அண்டண்டைக்கே அழிக்கச் சொல்லிக் கம்பனி விதி. நான் அழிக்கேல்லை. இந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்குது. இருநூற்றுப் பன்னிரண்டு பேற்றையும்."

வலி, பயம் எல்லாவற்றையும் மீறி அவளுக்குக் கோபம் வந்தது. "நாலு வருசத்துக் குப்பையையோ சேர்த்து வைச்சனீங்கள்?"

"குப்பை எண்டாதையும். பேர் எழுதி அடுக்கி வைச்சிருக்கிறன்." குரலில் பெருமை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். "யோசிச்சுப் பாரும். அவையெல்லாம் ஆர்? என்னை மாதிரி ஆக்கள். வயிறு வைச்ச ஆக்கள், முழங்கால் போன ஆக்கள், நடுங்கின ஆக்கள். உம்மட காலைப் போட்டுக்கொண்டு தங்கட உடம்பை எப்பிடிக் கீழ கொண்டுபோய்ச் சேர்த்தவை எண்டதுதான் இதுக்குள்ள கிடக்கு. உம்மட கால் தனிய எனக்கு அளவில்லை. இதையும் ஏத்தினால் அளவு வரும்."

"ஏத்தினால் என்ன நடக்கும்?"

பகிடி விட வேண்டிய இடமில்லை. "கலந்திடும். பிறகு என்னால கழுவ ஏலாது. உமக்குத் திரும்பி வாறது பழைய கால் இல்லை."

காற்று இடுக்குக்குள் ஊளையிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மணிக்கூட்டில் நாற்பத்து நான்கு.

"ஆனால் வரும்?"

"நேரத்துக்குப் போனால் வரும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரோட."

"உங்களோட இருநூற்றுப் பதின்மூண்டு." கண்ணைத் திறந்தாள். "சரி, மினுவுக்குப் பின்னால ஒரு சனமே வரட்டும். ஏத்துங்கோ!"

பட்டியைத் தலையில் கட்டி மூன்று பொத்தான்களை அழுத்தினேன். உள்ளே கூட்டம் சேர்ந்தது. கல்யாண மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

முதலில் வந்தவர் பேர்கன் நகரத்து இறைச்சிக்கடைக்காரர். நூற்றுப்பத்துக் கிலோ. என் கால்கள் அவரைப் போல அகன்றன, இடுப்பு தாழ்ந்தது, வயிறு முதல்முறையாகத் தனக்கென ஓரிடம் கண்டு அமர்ந்தது. ஸ்கீ பனியைக் கடித்தது. வளைவு. வண்டியும் வளைந்தது. அடுத்து இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஓய்வுபெற்ற பஸ் சாரதியொருவர் வந்தார், தன் பழுதான இடது முழங்காலைப் பாதுகாத்து, பஸ்ஸைச் சந்தில் திருப்புவது போல நிதானமாக, உறுதியாக. எந்த வளைவும் அழகாக இல்லை. எல்லா வளைவும் விழாமல் நின்றன. பத்து, பதினைந்து, இருபது!

"அண்ணை!" பின்னாலிருந்து குரல். "என்ன, நோர்வேஜிய பாசையில செபம் பண்ணுறியள்?"

"நான் இல்லை! இது கூட்டத்தோட வந்த ஒரு பாதிரியார்! மூச்சு விடுறதுக்குச் சொல்லுறார்!"

"அவரை நிப்பாட்டாதேங்கோ! நல்லாப் போகுது!"

பாறைப்படி வந்தது. கால்கள் தாமாகவே நின்றன. சாம்பவியின் கால் பாய் என்றது. அதற்கு ஒரு வாக்கு. மற்ற இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரே குரலில் மாட்டோம் என்றன. அவர்களில் ஒருவர்கூட அந்தப் படியைப் பாய்ந்ததில்லை. ஒவ்வொருவரும் விளிம்பில் நின்று, வெட்கப்பட்டு, வலது சுவரைத் தடவிப் பார்த்து, பாறைக்குப் பின்னால் ஒரு கதவளவு அகலத்தில் ஒளிந்திருந்த பனிநாடாவைக் கண்டுபிடித்து, அதில் பக்கவாட்டாகத் தேய்த்துத் தேய்த்து இறங்கிப்போய், வீட்டில் பாய்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நானும் சுவரைத் தடவினேன். வழி இருந்தது.

"இப்பிடி ஒரு பாதை இருக்கிறது எனக்குத் தெரியாதே" என்றாள் சாம்பவி. ஸ்கீயின் ஓரம் பாறையில் உரசித் தீப்பொறி பறந்தது. அவள் பனிக்கோடரியைக் குத்திக் குத்தி வண்டியைப் பிடித்தாள். நான் அங்குலம் அங்குலமாக விட்டேன். "பயந்த ஆக்களின்ர பாதை, பிள்ளை!" "அவை நல்லா இருக்கோணும், அண்ணை!"

படிக்குக் கீழே சுவர்கள் விலகின. இடுக்கு வாயைத் திறந்து எங்களை வெளியே துப்பியது. முன்னால் அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு யாரும் மிதிக்காத பனி, வெயிலில். அந்த இடத்தில் என்னை யாரும் கேட்கவில்லை. இருநூற்றுப் பதின்மூன்று பேரும் சேர்ந்து ஸ்கீயை நேரே கீழ்நோக்கித் திருப்பிவிட்டோம். தொண்ணூற்று நான்கு கிலோ பறந்தது. பனி மார்புவரை எழும்பி இரண்டு பக்கமும் இறக்கையாக விரிந்தது. நான் கத்தினேன். சாம்பவியும் கத்தினாள். முதலில் பயத்தில் கத்தினாள். பிறகு அது சிரிப்பாகிவிட்டது. முறிந்த காலோடு, கட்டிப்போட்ட வண்டியில், மலையைப் பார்த்தபடி பின்னோக்கிப் பறந்துகொண்டு, அவள் சிரித்த சிரிப்பு பாறையில் மோதி இரண்டு தடவை திரும்பி வந்தது.

பூர்ச்ச மரங்களுக்கு நடுவே சமதரையில் நின்றோம். எண்பத்தாறாவது நிமிடம்.

இப்போது எழுதப்போவதைச் சங்கத்தில் சொல்லவில்லை. நான் உடனே படுக்கவில்லை. நின்றேன். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக இந்த நாட்டுப் பனி என்னைத் தள்ளாமல் தாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு நிமிடம் நின்றால் போதும். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா நிற்பது எனக்கு நன்றாக வரும் வேலை.

சாம்பவி என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. அடுத்தவர் காலில் தன் காலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை.

அந்தப் பார்வையை என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. எண்பத்தெட்டில் படுத்தேன். பட்டியைக் கட்டினேன். கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து போனது. முடிந்ததும் எழுந்து நின்றேன். நின்ற வேகத்திலேயே விழுந்தேன். வானொலிக் கருவியில் நாங்கள் அழைத்த மீட்புக் குழு பனிவண்டியில் வந்தபோது காயப்பட்டது நான்தான் என்று நினைத்து என்னை முதலில் தூக்கினார்கள்.

எலும்பு ஜூன் மாதத்தில் பொருந்தியது. ஒக்டோபரில் கம்பனி சாம்பவியை அழைத்து, காலை அளந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். இயந்திரம் நீண்ட நேரம் யோசித்தது. சொந்தம் நூற்றுக்கு ஐம்பத்தாறு வீதம். பிறர் நாற்பத்து நான்கு.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, கடிதம் வந்திருக்கு. வாசிக்கிறன், கேளுங்கோ." தொண்டையைச் செருமினாள். "'தங்களது கால் தூய்மை வரம்புக்குக் கீழே சென்றுவிட்டதால் இனி எவருக்கும் இரவல் கொடுக்கத் தகுதியற்றது எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஒப்பந்தம் இன்றுடன் முடிவடைகிறது.' விளங்கினதோ?"

"பிள்ளை, நான் உம்மட காலை..."

"தகுதியற்றதாம் அண்ணை! ஒருத்தருக்கும் வேண்டாமாம்! மூண்டு வருசம் எண்டவங்கள் இண்டையோட விட்டுட்டாங்கள்!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பின்னால் மினு, "அம்மா, என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் தெளிவாகக் கேட்டது.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அழிக்க வேண்டியதை அழிக்காமல் வைத்திருந்ததற்காக வேலை நீக்கம். அதையும் எறியவில்லை.

நவம்பரில் முதல் பனி நன்றாக விழுந்த சனிக்கிழமை, கையிலிருந்த காசில் ஒரு சோடி ஸ்கீ வாங்கிக்கொண்டு சிறுபிள்ளைகள் ஓடும் மேட்டுக்குப் போனேன். சாம்பவி மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள், மினு பின்னால். பழைய பூனைப் பாய்ச்சல் இல்லை. ஒரு வளைவு இறைச்சிக்கடைக்காரர், ஒரு வளைவு பஸ் சாரதி, நடுவில் திடீரென்று அவள். ஒவ்வொரு வளைவும் எங்கே போய் முடியுமென்று அவளுக்கே தெரியாத மாதிரி, ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நீங்கள் முந்தி மாதிரி இல்லை" என்றாள் மினு.

"வடிவில்லையோ?"

"பகிடியாக் கிடக்கு. இன்னொருக்கா ஓடுங்கோ."

நான் அதற்குள் மூன்றாவது தடவை விழுந்திருந்தேன். மினு வந்து, தலைக்கு மேலே நின்று, மல்லாந்து கிடந்த என்னை ஆராய்ந்தாள்.

"பகீ மாமா, நீங்கள் உண்மையாக் காகமூக்கால இறங்கினனீங்களோ?"

"ஓம்."

மேட்டின்மேல் ஏறிக்கொண்டிருந்த தாயைத் திரும்பிப் பார்த்தாள். சாம்பவி ஸ்கீ தடியைத் தூக்கி ஆட்டினாள். மினுவுக்கு என்மேல் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கையை நீட்டினாள்.

"எழும்புங்கோ. கெதியா. அம்மா இண்டைக்கு முழுநாளும் ஓடுவாவாம்."